சங்கத்தின் கணினிகளும் மென்பொருள் உரிமங்களும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சொத்துக்கள் யாவை என வினவினால், கட்டிடம், நூல் இருப்பு, துணி இருப்பு, தராசு, இரும்புப் பெட்டி, மேசை நாற்காலி என அங்கத்தினர்கள் வரிசையாகக் கூறுவார்கள். கணினி வாங்கிய சங்கங்களில் அதனையும் சேர்த்துக் கூறுவார்கள். அக்கணினிக்குள் இருந்து கணக்கெழுதும் மென்பொருளின் உரிமமும் சங்கத்தின் பணத்தைக் கொடுத்து வாங்கிய சொத்தே என்று கூறுவோர் மிகச் சிலர். கண்ணுக்குப் புலப்படாத பொருளாதலால் அது இருப்புப் பதிவேட்டில் ஏறுவதில்லை. பொறுப்பு மாற்றத்தின்போது கைமாறுவதில்லை. காணாமற் போனாலும் தேடுவாரில்லை. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று என்பதை நாம் ஆய்வுக்குச் சென்ற இடங்களில் நேரிற் கண்டிருக்கிறோம்.

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கையில், இடி விழுந்து அலுவலகக் கணினி பழுதாயிற்று. எழுத்தர் முன்யோசனை உடையவர். கணக்குகளின் பிரதியை அன்றாடம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார். நிர்வாக சபை மறுநாளே கூடிப் புதிய கணினி வாங்கத் தீர்மானித்தது. மூன்றாம் நாள் கணினியும் வந்து சேர்ந்தது. ஆனால் கணக்கு மென்பொருளை அதில் ஏற்றியபோது, உரிமம் வேறொரு கணினியில் உபயோகத்தில் இருப்பதாக அறிவிப்பு வந்தது. பழுதான கணினியிலிருந்து உரிமத்தை விடுவிக்க வேண்டுமாயின், வாங்கியபோது பதிவு செய்த மின்னஞ்சலுக்குள் புக வேண்டும். அந்த மின்னஞ்சலோ, ஆறு ஆண்டுகளுக்கு முன் மென்பொருளை ஏற்றிக் கொடுத்த வியாபாரியினுடையது. அவர் கடையை மூடிவிட்டு வெளியூர் சென்றுவிட்டார். வாங்கிய ரசீதும் கோப்பில் அகப்படவில்லை.

வழங்கிய நூல், பெற்ற துணி, முன்பணப் பாக்கி, சேமிப்பு நிதிப் பிடித்தம் ஆகிய யாவும் பென் டிரைவில் பத்திரமாகவே இருந்தன. திறந்து படிக்கத்தான் வழியில்லை. காரியதரிசியும் எழுத்தரும் பழைய சீட்டுக்களைத் திரட்டிக் கைப்படக் கூலிப் பட்டியல் எழுதி முடிக்கையில் தீபாவளி கழிந்துவிட்டது. பண்டிகைச் செலவுக்காக நெசவாளர் சிலர் வட்டிக்காரரிடம் சென்றனர். வட்டிக்காரரின் பிடியிலிருந்து நெசவாளரை மீட்பதற்கென்றே தோன்றிய சங்கம், ஒரு சாவியைப் பத்திரப்படுத்தத் தவறியதால் அவர்களை மீண்டும் அந்த வாசலுக்கே அனுப்பிவிட்டது. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது இந்நிகழ்ச்சியே.

உரிமமும் சாவியும்

மென்பொருளை வாங்குதல் நூற்சிப்பம் வாங்குவது போன்றதன்று. நூற்சிப்பத்தை விலை கொடுத்து வாங்கியதும் அது முற்றிலும் நம்முடையதாகிறது. மென்பொருளின் பதிப்புரிமையோ அதனைச் செய்தவரிடமே நிற்கிறது; நமக்குக் கிடைப்பது சில நிபந்தனைகளுடன் அதனை உபயோகிக்கும் அனுமதி மட்டுமே. அவ்வனுமதிக்கே உரிமம் அல்லது லைசென்ஸ் என்று பெயர். எத்தனை கணினிகளில், எத்தனை பேர், எவ்வளவு காலம் உபயோகிக்கலாம் என்பன அதன் நிபந்தனைகள்.

உரிமம் பெற்றதற்கு அடையாளமாகத் தரப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த தொடரை லைசென்ஸ் கீ என்பர். நாம் உரிமச் சாவி என்போம். விண்டோஸின் உரிமச் சாவி 25 எழுத்துக்களும் எண்களும் கொண்டது. ஐந்தைந்தாக ஐந்து தொகுதிகளாக எழுதப்படும். சாவியைக் கணினியில் இட்டவுடன், அக்கணினியின் உள்ளுறுப்புக்களைக் கொண்டு அமைந்த ஓர் அடையாளக் குறியும் சாவியும் இணையத்தின் வழியே மென்பொருள் செய்தவரின் இடத்திற்குச் செல்கின்றன. அங்கே, இச்சாவி எத்தனை கணினிகளுக்கு உரியது, இதுவரை எத்தனையில் ஏற்றப்பட்டது என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. வரம்புக்குள் இருந்தால் ஒப்புதல் திரும்பி வருகிறது. மீறியிருந்தால் மறுப்பு வருகிறது. இதுவே ஆக்டிவேஷன் எனப்படும் செயலாக்கம். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலாக இம்முறை பரவலாக வழக்கத்திற்கு வந்தது.

நெசவாளர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு பாவை ஒரே சமயத்தில் இரண்டு தறிகளில் ஏற்ற முடியாது. இரண்டாம் தறியில் ஏற்ற வேண்டுமாயின் முதல் தறியிலிருந்து இறக்கியாக வேண்டும். ஒரு கணினிக்கென வாங்கிய உரிமமும் அத்தகையதே. முதற் கணினியிலிருந்து இறக்காமல் அதனை மூலையில் ஒதுக்கிவிட்டால், பாவு அந்தத் தறியிலேயே கிடக்கிறது என்பது பொருள். மேற்சொன்ன சங்கத்திற்கு நேர்ந்தது அதுவே.

உரிமங்களின் வகைகள்

எந்த உரிமத்தை இறக்கி ஏற்றலாம், எதனை ஏற்றலாகாது என்பதை அறிய வகைகளைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலாவது, கணினியோடு பிறந்து கணினியோடு மறையும் உரிமம். புதிய கணினியிலேயே விண்டோஸ் ஏற்றப்பட்டு வருமாயின் அது பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தது, ஓ.இ.எம். உரிமம் என்பர். 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல் இத்தகைய கணினிகளில் சாவி மதர்போர்டின் உள்ளேயே பதிக்கப்பட்டு வருகிறது. முன்போல் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் அதனைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அக்கணினி கழிக்கப்படும்போது உரிமமும் அதனோடு கழியும். வேறு கணினிக்கு மாற்ற இயலாது.

இரண்டாவது, கடையில் தனியே வாங்கும் உரிமம், ரீடெய்ல் என்பர். இதனை ஒரு சமயத்தில் ஒரே கணினியில்தான் உபயோகிக்கலாம் எனினும், அதிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். விலை சற்று மிகுதி. ஆனால் கணினிகள் அடிக்கடி மாறும் இடத்தில் அது வீண் செலவாகாது.

மூன்றாவது, கணினிக்கன்றி ஆளுக்கு வழங்கும் சந்தா உரிமம். மைக்ரோசாஃப்ட் 365இன் வர்த்தகத் திட்டங்களில் அலுவலகச் செயலிகள் உள்ளனவற்றைப் பெறும் ஒருவர், அவற்றை ஐந்து கணினிகள் வரை ஏற்றிக்கொள்ளலாம். ஐந்து கணினி என்பதை ஐந்து ஊழியர் எனப் பொருள் கொள்ளலாகாது; ஒருவரே ஐந்து இடங்களில் உபயோகிக்கலாம் என்பதே கருத்து. சந்தா முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் கோப்புக்களைப் பார்க்கலாம், அச்சிடலாம். திருத்தவோ புதிதாக எழுதவோ இயலாது. ஊழியர் விலகும்போது அவருடைய உரிமத்தை அடுத்தவருக்கு மாற்றித் தருதல் வேண்டும். வீட்டு உபயோகத்திற்கென விற்கும் குடும்பச் சந்தாவை மலிவு கருதிச் சங்க அலுவலகத்திற்கு வாங்குதல் முறையன்று.

நான்காவது, மொத்த உரிமம். இதில் மாக் எனப்படும் சாவி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை செயலாக்கம் தரும். ஒவ்வொரு முறையும் கணக்கில் ஒன்று குறையும். கே.எம்.எஸ். எனப்படும் முறையில், அலுவலகத்திலுள்ள ஒரு தலைமைக் கணினியே ஏனையவற்றுக்குச் செயலாக்கம் வழங்கும். அவ்வாறு பெற்ற செயலாக்கம் 180 நாட்களுக்குச் செல்லும். அதற்குள் தலைமைக் கணினியோடு மீண்டும் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் ஏறிய அலுவலகக் கணினிகள் குறைந்தது 25 இருந்தாலன்றி இம்முறை இயங்காது. ஆகவே இது மத்திய வங்கிகளுக்கும் தலைமைச் சங்கங்களுக்கும் உரியதேயன்றி, மூன்று நான்கு கணினிகள் வைத்திருக்கும் தொடக்கச் சங்கங்களுக்கு உரியதன்று.

ஐந்தாவது, உள்வலையில் பகிர்ந்துகொள்ளும் உரிமம். டேலி பிரைம் மென்பொருளின் சில்வர் உரிமம் ஒருவர் உபயோகத்திற்கு உரியது. கோல்ட் உரிமமோ ஒரே அலுவலகத்தின் உள்வலையில் இணைந்த கணினிகளில் பலரும் ஒரே சமயத்தில் கணக்கெழுத இடந்தருவது. இதில் உரிமம் ஒரு கணினியில் இருக்கும். ஏனையவை அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளும். ஒரு கிணற்றிலிருந்து பல வயல்களுக்கு வாய்க்கால் ஓடுவது போன்றது இது. கிணறு இருக்கும் கணினியை அணைத்துவிட்டால் ஏனையவற்றில் வேலை ஓடாது என்பதை ஊழியர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறாவது, டாங்கிள் எனப்படும் சிறு கருவியோடு வரும் உரிமம். சேலைக் கரைக்கும் முந்திக்கும் ஜக்கார்டு வடிவம் அமைக்கும் மென்பொருட்களில் சில இவ்வாறு வருகின்றன. விரலளவு உள்ள அக்கருவியைக் கணினியிற் செருகினாலன்றி மென்பொருள் திறவாது. கருவி தொலைந்தால் உரிமமே தொலைந்ததற்கு ஒப்பாகும். அதனை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காமல், வேலை முடிந்ததும் இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

வேளாண்மைச் சங்கங்களுக்கு ஒரு சொல்

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் 63,000த்தைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் வரும் சங்கங்கள் பொது மென்பொருள் ஒன்றில் கணக்கெழுதுகின்றன. அதற்கெனத் தனித்தனியே சாவி வாங்க வேண்டியதில்லை. எனவே இக்கட்டுரை தமக்கு வேண்டாதது என அச்சங்கத்தார் கருதலாகாது. கணினியின் விண்டோஸ் உரிமமும், வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஆண்டுச் சந்தாவும் சங்கத்தின் பொறுப்பே. அன்றியும், அங்கே சாவியின் இடத்தை ஊழியரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெறுகின்றன. ஒருவர் பெயரில் மூவர் நுழைந்து பயிர்க்கடன் பற்று வரவு எழுதினால், பிழை நேர்ந்தபோது எழுதியவர் யார் என்று எவ்வாறு அறிவது? அப்பிழைக்குப் பெயருக்குரிய ஊழியரே பதில் சொல்ல நேரும்.

உரிமப் பதிவேடு

இனி, செய்ய வேண்டுவதைக் கூறுவோம். ஒவ்வொரு சங்கமும் உரிமப் பதிவேடு ஒன்றைத் தொடங்குதல் நலம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கட்டமிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதனைக் கணினிக்குள் மட்டும் எழுதி வைத்தல் கூடாது. கணினி பழுதாகும் நாளில்தான் அப்பதிவேடு தேவைப்படும்.

பதிவேட்டில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. மென்பொருளின் பெயரும் பதிப்பும், வாங்கிய தேதி, ரசீது எண், நிர்வாக சபைத் தீர்மான எண், உரிமத்தின் வகை, எத்தனை கணினிகளுக்கு அல்லது ஆட்களுக்கு உரியது, புதுப்பிக்க வேண்டிய தேதி, பதிவு செய்த மின்னஞ்சல், பதிவு செய்த தொலைபேசி எண் ஆகியவற்றைத் தலைப்பில் எழுதுக. அதன் கீழே, எந்தக் கணினியில் எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது, எந்தத் தேதியில் இறக்கப்பட்டது என்பவற்றை வரிசையாக எழுதி, காரியதரிசி ஒப்பமிடுக. தறிகளுக்கு எண் இடுவதுபோல ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் இட்டு அதன் மேல் எழுதி வைத்தால் குழப்பம் நேராது.

முழுச் சாவியையும் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. பலர் கையில் புழங்கும் புத்தகத்தில் அது இருத்தல் ஆபத்து. கடைசி ஐந்து எழுத்துக்களை மட்டும் எழுதினால் அடையாளத்திற்குப் போதும். முழுச் சாவியையும் கடவுச்சொற்களையும் உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மற்றொரு உறை தலைவரின் பொறுப்பில் வேறிடத்தில் இருத்தல் நன்று. கடவுச்சொல் மாறுந்தோறும் உறையையும் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மின்னஞ்சல். வியாபாரியின் மின்னஞ்சலிலோ, எழுத்தரின் சொந்த மின்னஞ்சலிலோ எந்த உரிமத்தையும் பதிவு செய்யலாகாது. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சலும், சங்கத்தின் பெயரில் ஒரு தொலைபேசி எண்ணும் பெற்று அவற்றிலேயே பதிவு செய்தல் வேண்டும். அந்த எண்ணுக்குத்தான் ஒருமுறைக் கடவுச்சொல் வரும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் போய்விட்டால் உரிமமும் கைக்கு எட்டாததாகும். முன்னர் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே, நட்பாக இருக்கும்போதே, மாற்றி வாங்கிக்கொள்வது அறிவுடைமை.

கணினியை மாற்றும் முறை

பழைய கணினியை நீக்கிப் புதியது வாங்கும்போது பின்வரும் வரிசையைக் கைக்கொள்க. முதலில் கணக்குகளின் பிரதியை எடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதிக்கவும். அடுத்து, பழைய கணினியில் இணையம் இருக்கும்போதே உரிமத்தை விடுவிக்கவும். டேலியில் இதற்கு சரண்டர் என்ற வசதி உண்டு. வேறு சில மென்பொருட்களில் டீஆக்டிவேட் என்றிருக்கும். மூன்றாவதாக, புதிய கணினியில் மென்பொருளை ஏற்றிச் செயலாக்கவும். நான்காவதாக, பதிவேட்டில் இறக்கியதையும் ஏற்றியதையும் எழுதவும். இவை யாவும் முடிந்த பின்னரே பழைய கணினியை ஏலம் விடவோ கழிக்கவோ தீர்மானம் செய்க. இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்த சங்கங்கள் ஏலத்தில் எடுத்தவரின் வீட்டைத் தேடி அலைய நேரும்.

கணினி திடீரெனப் பழுதாகிவிட்டால், பதிவு செய்த மின்னஞ்சலைக் கொண்டு மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் உரிமத்தை விடுவிக்கக் கோரலாம். ரசீதும் வரிசை எண்ணும் கையில் இருந்தால் காரியம் எளிதில் முடியும். மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் அதனை வேறு கணினியாகக் கருதக்கூடும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உரிமத்தைச் சங்கத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்னரே இணைத்து வைத்தால், இத்தகைய பழுதுக்குப் பின் மீண்டும் செயலாக்குதல் எளிதாகும். செட்டிங்ஸ் பகுதியில் ஆக்டிவேஷன் என்ற இடத்தில் செயலாக்கத்தின் நிலையைக் காணலாம். காலாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கணினிகளிலும் அதனைப் பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிடுதல் நன்று.

உரிமம் செல்லுபடியாவது வேறு. மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது வேறு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதன் உரிமம் இன்றும் செல்லும். ஆயினும் பணக் கணக்கு எழுதும் கணினியை அந்நிலையிலேயே நெடுநாள் விட்டு வைத்தல் தகாது. கணினி தகுதியுடையதாயின் முறையான உரிமத்தோடு விண்டோஸ் 11க்குக் கட்டணமின்றி மாறலாம்.

மலிவுச் சாவியும் திருட்டுப் பிரதியும்

சில நூறு ரூபாய்க்குச் சாவி தருவதாகவும், ஒரே பிரதியைப் பத்துக் கணினிகளில் ஏற்றித் தருவதாகவும் கூறுவோர் ஊர்தோறும் உண்டு. மலிவாக விற்கப்படும் இச்சாவிகளிற் பல, ஏதோவொரு நிறுவனத்திற்கு வழங்கிய மொத்த உரிமத்திலிருந்து முறைகேடாக எடுக்கப்பட்டவை. இன்று செயலாகும், கண்டுபிடிக்கப்பட்ட நாளில் முடக்கப்படும். செயலாக்கத்தை ஏமாற்றும் கிராக் செயலிகளோ இன்னும் கொடியவை. அவற்றோடு கடவுச்சொல் திருடும் நச்சு நிரல்களும் கணினிக்குள் புகுவதுண்டு. அங்கத்தினரின் வைப்புத் தொகையும் கடன் கணக்கும் உள்ள கணினிக்கு இதனினும் பெரிய கேடு வேண்டியதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலை உபயோகிப்பவருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமல் மூன்றாண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபாரத்திற்காக அல்லாத உபயோகத்திற்குச் சட்டம் சற்று இரக்கம் காட்டுகிறது. வியாபாரம் செய்யும் சங்கம் அந்த இரக்கத்தை எதிர்பார்த்தல் இயலாது. முறையாக வாங்கிய மென்பொருளின் பிரதியைப் பாதுகாப்புக்கென எடுத்து வைத்துக்கொள்ள அதே சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பாதுகாப்புப் பிரதி வேறு. அதனை இரண்டாம் கணினியில் ஏற்றி உபயோகிப்பது வேறு.

எல்லாக் கணினிகளுக்கும் எல்லா மென்பொருளையும் வாங்கச் சங்கத்திற்கு வசதியில்லை என்பர். அவ்வாறு வாங்க வேண்டிய தேவையுமில்லை. நான்கு கணினிகள் உள்ள சங்கத்தில் கணக்கெழுதுபவர் ஒருவரே எனில், கணக்கு மென்பொருளுக்கு ஒருவர் உரிமமே போதும். கடிதமும் அட்டவணையும் தயாரிக்க லிப்ரே ஆபீஸ் உண்டு. அதற்குச் சாவியும் இல்லை, செயலாக்கமும் இல்லை, எத்தனை கணினிகளிலும் ஏற்றலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் மொழிகளுக்கு இடந்தருவது. எது தேவை, எது வேண்டாம் என்று முதலில் எண்ணிப் பார்த்து, தேவையானதை முறையாக வாங்குதலே சிக்கனம்.

முடிவாக

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தைச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர்கள் மகாசபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: நம் சங்கத்தில் எத்தனை மென்பொருள் உரிமங்கள் உள்ளன? அவை யார் பெயரில் பதிவாகியுள்ளன? நாளையே கணினி பழுதானால் எத்தனை நாட்களில் மீண்டும் வேலை தொடங்கும்? மூன்றிற்கும் காரியதரிசி பதிவேட்டைப் பார்த்துப் பதில் கூற முடியுமாயின் அச்சங்கம் நன்னிலையில் உள்ளது எனலாம்.

காரியதரிசிகள் மாறுவார்கள், எழுத்தர்கள் ஓய்வு பெறுவார்கள், கணினிகள் பழுதாகும். சங்கம் நிலைத்து நிற்க வேண்டும். அதன் சாவி ஒருவர் நினைவிலோ வேறொருவர் மின்னஞ்சலிலோ இராமல், சங்கத்தின் பெட்டியிலும் சங்கத்தின் பதிவேட்டிலும் இருக்கட்டும். அப்போதுதான் வார இறுதியில் கூலி வாங்க வரும் நெசவாளரும், விதைக்கும் பருவத்தில் கடன் கேட்டு வரும் உழவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.